திறந்த முனை

பைக்கைக் கொண்டுவந்த மினி லாரிக்காரர் அதை ஸ்டாண்டில் நிறுத்தவில்லை. நிறுத்தவும் முடியாது. முன் ஃபோர்க் வளைந்து, சக்கரம் எஞ்சினோடு ஒட்டிக் கிடந்தது. மேம்பாலத்துக்குக் கீழே வரிசையாக இருந்த கடைகளில் மெக்கானிக்கின் கடை வாசலில் அதைப் பக்கவாட்டில் படுக்க வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

“சிலிண்டர்காரர் குடுத்தனுப்பினாருங்க. உடைச்சு இரும்புக்குப் போட்டுடச் சொன்னாரு.”

“சரி.”

“வேற யாரும் கை வைக்கக் கூடாதாம். நீங்களேதான் உடைக்கணுமாம். அதையும் மறக்காம சொல்லச் சொன்னாரு.”

மெக்கானிக் தலையாட்டினான். லாரிக்காரருக்கு விவரம் தெரியாது. சொல்லச் சொன்னதைச் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். பக்கத்துக் கடை டயர்காரருக்குத் தெரியும். பாதி உருவிய டியூபைக் கையில் பிடித்தபடியே எழுந்து வந்து பார்த்தார். எதற்கும் ஒரு நக்கலைத் தயாராக வைத்திருக்கிற மனிதர். அன்று அவருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை.

“செத்த பாம்ப அடிக்கச் சொல்றாரு உன் மாமனாரு” என்று மட்டும் சொன்னார். சொன்னபின் அதுவும் சரியில்லை என்று பட்டிருக்க வேண்டும். திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார்.

சிலிண்டர்காரர் கேஸ் நிரப்பும் பிளான்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வண்டி அவருடைய ஒரே மகனுடையது. அந்த மகனுக்கு வீட்டிலும் தெருவிலும் ‘சத்தம்’ என்றுதான் பெயர். அவன் சாப்பிட்டால் சத்தம், செருப்பை விட்டால் சத்தம், தூங்கினாலும் சத்தம். கூரியர் கம்பெனியில் வேலை. நெடுஞ்சாலையில் ஒரு இடது வளைவில் பின் சக்கரம் வழுக்கி, எதிரே வந்த சரக்கு லாரிக்கு அடியில் போய்விட்டான். பின் டயரின் இடது பக்கம் முழுக்க எஞ்சின் எண்ணெய். அங்கே வந்த போலீஸ்காரர் டயரைத் தொட்டு, விரலைத் தூக்கிக் காட்டினாராம்.

சாவு வீட்டில் யாரோ கேட்டார்கள், கடைசியாக அந்த வண்டியில் கை வைத்தது யார் என்று. கேட்டவருக்குப் பதில் தேவைப்படவில்லை. எல்லோரும் சுவரோரம் நின்றிருந்த மெக்கானிக்கைப் பார்த்தார்கள். அவன் மனைவியும் பார்த்தாள். செத்தவன் அவளுடைய தம்பி.

அன்றிலிருந்து மாமனார் அவனை ‘மாப்பிள்ளை’ என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார். ‘அந்த மெக்கானிக்கு’ என்றார். மனைவி, அம்மாவுக்குத் துணை என்று பிறந்த வீட்டிலேயே தங்கிவிட்டாள். நீதான் கொன்றாய் என்று அவள் ஒருநாளும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

போலீஸ் ஸ்டேஷன் வாசலில் வெயிலிலும் மழையிலும் கிடந்துவிட்டு இப்போது வண்டி அவனிடமே வந்திருந்தது. அவனை அரித்துக்கொண்டிருந்தது ஒரே கேள்விதான். எண்ணெய் எங்கிருந்து வந்தது? அவன் எஞ்சினைத் தொடவே இல்லை. காற்றுப் பெட்டியைத்தான் மாற்றினான்.

மாற்றச் சொன்னது சத்தம்தான். மாதக்கணக்கில் நச்சரித்தான்.

“மச்சான், பக்கத்துத் தெரு பையன் வண்டி மூச்சு விட்டாலே நாய் எல்லாம் ஓடுது. நம்ம வண்டி தும்மல் போடற மாதிரி இருக்கு. எனக்கே அசிங்கமா இருக்கு.”

“உன் சத்தம் பத்தாதா தெருவுக்கு?”

“அது இலவசமா வர்ற சத்தம். வண்டிக்குன்னு ஒரு மரியாதை வேணாமா?”

அக்காவின் கணவனாக இருப்பதில் இந்தத் தொல்லையும் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் உட்கார்ந்தார்கள். சீட்டுக்கு அடியில் இருந்த பிளாஸ்டிக் காற்றுப் பெட்டியைக் கழற்றி எடுத்துவிட்டு, கார்புரேட்டரின் வாயிலேயே கூம்பு ஃபில்டரை மாட்டினான் மெக்கானிக். அதற்கேற்றபடி பெட்ரோல் விடும் ஜெட்டையும் மாற்றினான். கிளப்பியதும் வண்டி உறுமிய உறுமலில் சத்தம் இரண்டு கையையும் தூக்கிக் குதித்தான்.

மிச்சம் நின்றது ஒரு குழாய். சுண்டுவிரல் தடிமனில் ஒரு ரப்பர் குழாய். எஞ்சினின் வயிற்றிலிருந்து கிளம்பி அந்தப் பழைய பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்தது. பிஸ்டன் ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் கொஞ்சம் புகை ஓரத்தில் நழுவி எஞ்சினுக்கு அடிவயிற்றில் சேரும். வளையங்கள் தேய்ந்த பழைய வண்டியில் அது இன்னும் அதிகம். அந்தப் புகையும் எண்ணெய் ஆவியும் வெளியேற அந்தக் குழாய்தான் வழி. ப்ரீதர் என்பார்கள். பெட்டி இருந்தவரை பெட்டிக்குள் போய், திரும்பவும் எஞ்சினே உறிஞ்சி எரித்துவிடும். இப்போது பெட்டி இல்லை. குழாய் அநாதையாக நின்றது. அதன் முனையில் மாட்ட ஒரு குட்டி ஃபில்டர் உண்டு. உதிரிக் கடைக்காரர் அடுத்த வாரம் வரும் என்றிருந்தார். மெக்கானிக் குழாயை வண்டிச் சட்டத்தோடு சேர்த்துக் கீழே இறக்கி, டயரில் படாதபடி தொங்கவிட்டான்.

“இது இப்படித் திறந்தேதான் இருக்கணும். வாசனை வருதுன்னு துணிய கிணிய திணிச்சு வெச்சுடாத.”

“எங்கப்பா இருக்கற வீட்ல திறந்த வாயா?” என்று சத்தம் சிரித்தான். “என் வாயத் தவிர அவரு எதையும் விட்டு வெச்சதில்ல மச்சான்.”

மெக்கானிக்கும் சிரித்தான். சிரிக்கக்கூடியதுதான். அந்த வீட்டில் உபயோகத்தில் இல்லாத தண்ணீர்க் குழாய், பழைய துணி துவைக்கும் இயந்திரத்தின் வடிகுழாய், தோட்டத்துக்கு வாங்கி மூலையில் சுருட்டிக் கிடந்த குழாய் எல்லாவற்றின் முனையும் அடைத்துக் கட்டியிருக்கும். பிளான்டில் திறந்த முனை என்று ஒன்று கிடையாது என்பார் மாமனார். கழற்றிய குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு பேச்சுக்கு நின்றவன் ஒருவனை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார், பேச்சை முடிக்க அவன் உயிரோடு இல்லை என்பார். ராத்திரி அடுப்பின் திருகை மூன்று பேர் மூடினாலும் அவர் ஒருமுறை எழுந்து போய்த் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் படுப்பார். அவருக்கு மூக்கு அப்படி. வாயு கசிந்தால் கருவிக்கு முன்னால் அவருக்குத் தெரியும் என்று பிளான்டில் பேர் வாங்கியவர்.

அந்த மூக்கு படுத்து உறங்கும் முன்னறையில்தான் சத்தம் ராத்திரியில் வண்டியை ஏற்றி நிறுத்துவான். தெருவில் விட்டால் பெட்ரோல் திருடுகிறார்கள்.

இதெல்லாம் மெக்கானிக்குக்குத் தெரியாதது இல்லை. தெரிந்தும் தனித்தனியாகத் தெரிந்தது. ஒன்றோடு ஒன்றைச் சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை.

வண்டியைத் தொட அவனுக்கு இரண்டு நாள் ஆயிற்று. மற்ற வேலைகளை இழுத்துப் போட்டுக்கொண்டான். பிறகு ஒரு மத்தியானம் சம்மணம் போட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்து, மண்ணெண்ணெயும் பிரஷ்ஷுமாகக் கழுவ ஆரம்பித்தான். காய்ந்த மண்ணும் எண்ணெயும் சேர்ந்து தார் மாதிரி ஒட்டியிருந்தது. இடது பக்கம்தான் மோசம். செயின் முழுக்க எண்ணெயில் ஊறிக் கறுத்திருந்தது. செயினை இழுக்கும் முன் பல்சக்கரத்தின் மூடியைக் கழற்றினான். உள்ளே விரலை விட்டதும் புரிந்தது. எண்ணெய் வெளியே வராமல் தண்டைச் சுற்றி இறுக்கமாக உட்கார்ந்திருக்க வேண்டிய ரப்பர் வளையம், ஆயில் சீல், தன் குழியிலிருந்து வெளியே வந்து தண்டில் வளையல் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

கிழியவில்லை. தேயவில்லை. உள்ளேயிருந்து யாரோ உதைத்துத் தள்ளியதுபோல முழுசாக வந்திருந்தது.

சீல் தானாக வெளியே வராது. எஞ்சினுக்குள் புகை அடைபட்டு, போக வழி இல்லாமல், எங்கே பலவீனமோ அங்கே முட்டினால்தான் வரும். அப்படி முட்டி வெளியேறிய எண்ணெய் செயினில் விழுந்து, செயின் அதைச் சுழற்றிப் பின் டயரில் அடித்திருக்கிறது.

அவன் கை குழாயைத் தேடிப் போனது. சட்டத்தோடு சேர்த்து அவன் இறக்கிய அதே இடத்தில்தான் இருந்தது. முனையைத் துடைத்தான். துடைத்த இடத்தில் வெள்ளை டேப் தெரிந்தது.

தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப்பை ஒரு போல்ட்டின் மேல் நெருக்கமாகச் சுற்றி, குழாய்க்குள் செருகி, மேலே கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தது. கம்பியை முறுக்கி, முறுக்கிய நுனியை உள்பக்கமாக மடித்து, யார் கையிலும் குத்தாதபடி தட்டையாக அமுக்கியிருந்தது. சுத்தமான வேலை. இந்த முடிச்சை அவன் அந்த வீட்டின் குளியலறையில் பார்த்திருக்கிறான், மாடிப்படிக்கு அடியில் பார்த்திருக்கிறான். யாருடைய கை என்று கேட்க வேண்டியதில்லை.

அவிழ்க்கப் பார்த்தான். அசையவில்லை. கட்டிங் பிளேயரை எடுத்துக் கம்பியை வெட்டினான். போல்ட் வெளியே வந்தபோது, உள்ளே மிச்சம் இருந்த ஏதோ ஒன்று ‘புஸ்’ என்றதுபோல அவனுக்குத் தோன்றியது. அது பொய். இவ்வளவு காலம் எதுவும் உள்ளே நிற்காது.

முதலில் வந்தது துக்கம் இல்லை, கோபம்தான். இதை அப்படியே எடுத்துக்கொண்டு போய், அந்த முன்னறையில், அந்த ஆளின் மடியில் போட வேண்டும். ‘இந்தாங்க, உங்க சாமான்’ என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு மனைவியின் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்துவிட வேண்டும். இந்த வசனத்தை அவன் பல விதமாகச் சொல்லிப் பார்த்தான். எல்லாவற்றிலும் அவன் பக்கம்தான் நியாயம். எல்லாவற்றிலும் இடையில் ஒரு சிரிப்புச் சத்தம் குறுக்கே வந்தது. எங்கப்பா இருக்கற வீட்ல திறந்த வாயா?

எச்சரிக்கை அன்றைக்கே வந்திருக்கிறது. வந்தது ஜோக்காக வந்தது. அவனும் சிரித்துவிட்டு ஸ்பேனரைத் துடைத்து வைத்துவிட்டான்.

மறுநாள் மனைவியே கடைக்கு வந்தாள். துணிக்கடையில் பில் போடுகிறவள், இடைவேளையில் வந்திருந்தாள். வண்டியைப் பார்க்காமல் இருக்க, அவனை நேராகப் பார்த்தாள்.

“உடைச்சாச்சான்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு அப்பா.”

“இன்னும் இல்ல.”

“உங்களுக்கு எதுக்கு இந்த வீம்பு? சொன்னத செஞ்சுடுங்களேன்.”

அவன் போல்ட்டை அவள் உள்ளங்கையில் வைத்தான். வெட்டிய கம்பி அதில் சுற்றியிருந்தது, டேப்பும் அப்படியே இருந்தது.

“என்னது இது?”

“எஞ்சின் மூச்சு விடற குழாயில இருந்துச்சு. இதனாலதான் சீல் பிதுங்கி எண்ணெய் வந்திருக்கு.”

அவள் அதைத் திருப்பினாள். முறுக்கின் மடிப்பில் அவள் கட்டைவிரல் நின்றது. சின்ன வயதில் பள்ளிக்கூடத் தண்ணீர் பாட்டிலின் மூடி உடைந்தபோது இதே முடிச்சைத்தான் அப்பா போட்டுக் கொடுத்திருப்பார். அவள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. வெட்டிய கம்பியின் நுனி விரலில் குத்தி ஒரு பொட்டு ரத்தம் வந்தது. அதையும் அவள் கவனிக்கவில்லை.

“இத நான் பாக்கல” என்றாள்.

“என்ன சொல்ற?”

“பாக்கலன்னு சொல்றேன். நீங்களும் பாக்கல.”

“ஊரே என்னைக் கொலைகாரன்னு—”

“தெரியுது. எனக்கு இப்பத் தெரிஞ்சுடுச்சு. எனக்குத் தெரிஞ்சா போதாதா?” அவள் குரல் ஏறவில்லை. “அம்மா தூங்கறதே இல்ல. வீட்ல ஒழுங்காச் சாப்பிடறது அவர் ஒருத்தர்தான். கோபத்துல சாப்பிடறாரு. காலையில எழுந்து உங்களத் திட்டறாரு, சாப்பிடறாரு, மறுபடி திட்டறாரு. உங்க மேல இருக்கற கோபம்தான் அந்த மனுஷன நிக்க வெச்சிருக்கு. அதப் பிடுங்கிட்டா என்ன ஆவாருன்னு நினைக்கிறீங்க?”

“அப்ப நான்?”

“உங்களுக்குத் தாங்கும்.”

அவ்வளவுதான். பார்க்காத பொருளைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டு போனாள்.

டயர்காரர் இந்தப் பக்கமே திரும்பாமல் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே, “தாங்குமா?” என்றார்.

“வேலையப் பாருய்யா.”

தாங்கியிருக்கும். மனிதனுக்கு எதுதான் தாங்காது. ஆனால் அந்த வாரமே மாமனார் நேரில் வந்துவிட்டார்.

காலை நேரம். கடையில் உணவு டெலிவரி செய்கிற ஆள் ஒருவர் தன் வண்டியின் பிரேக்கைச் சரி செய்யக் காத்திருந்தார். வந்து நின்றார் மாமனார். தேய்த்த சட்டை, சீவிய தலை, முகத்தில் பிசிறில்லாத சவரம். அவர் எப்போதும் வேலைக்குக் கிளம்புகிறவர் மாதிரிதான் இருப்பார். வந்ததும் பழக்கத்தில் மூக்கை ஒருமுறை உறிஞ்சினார். பெட்ரோல், மண்ணெண்ணெய், ரப்பர். பிறகு மூலையில் கிடந்த வண்டியைப் பார்த்தார். டயர்காரர் ஸ்டூலைத் துடைத்து நகர்த்தி வைத்தார். அவர் உட்காரவில்லை.

“இன்னும் உடைக்கல.”

“உடைக்கறேன் மாமா.”

“மாமாங்கற பேச்செல்லாம் வேணாம்.” முன்பெல்லாம் ‘நீங்க, வாங்க’ என்றுதான் பேசுவார். இப்போது அந்த மரியாதையைக் கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தார். “நாலு பேர் இருக்கும்போதே கேக்கறேன். நீ என்ன பெரிய மெக்கானிக்கு? வேலைய எடுத்தா முடிச்சுக் குடுக்கணும். பாதியில விட்டு அனுப்பறதுக்குப் பேரு வேலையா?”

“உக்காருங்க, பெரியவரே” என்றார் டயர்காரர்.

“நீங்க சும்மா இருங்க. இவன் வேலை எப்படின்னு உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அன்னைக்கு வண்டி வீட்டுக்கு வந்ததுல இருந்து ஒரே எண்ணெய் நாத்தம். மறுநாள் காலையில அவன் வண்டிய ஓட விட்டுட்டு ஹெல்மெட்டத் தேடிக்கிட்டு இருந்தான். நான் கீழ குனிஞ்சு பாக்கறேன், ஒரு குழாய் தொங்குது. வாயத் திறந்துகிட்டு! இவன் எதையோ கழட்டிட்டு மாட்டாம விட்டுட்டான். விரல வெச்சுப் பாத்தேன். தள்ளுது. உள்ளேயிருந்து வந்துகிட்டே இருக்கு. இவன் விட்டுட்டுப் போனத நான்தான் மூடினேன். போல்ட்டு போட்டு, டேப்பு சுத்தி, கம்பி கட்டி. இவன் செய்ய வேண்டிய வேலைய நான் செஞ்சேன்! அப்படியும் இவன் வேற எங்கேயோ ஓட்டை வெச்சிருக்கான். அது என் பிள்ளையக் கொண்டு போயிடுச்சு.”

டயர்காரரின் கையில் இருந்த லீவர் அப்படியே நின்றது. டெலிவரிக்காரருக்கு வண்டி பற்றிக் கொஞ்சம் தெரியும். “ஐயா, அந்தக் குழாய மூடினா—” என்று ஆரம்பித்தார். டயர்காரர் அவர் தோளில் கையை வைத்தார். அவர் பேச்சை நிறுத்தி, கீழே குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார்.

பாலத்துக்கு மேலே வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. கடைக்குள் யாரும் பேசவில்லை.

வாழ்நாள் முழுக்க வால்வுகளுக்கு நடுவே காது கொடுத்து வேலை பார்த்தவர் அவர். இந்த அமைதியில் எதுவோ கசிகிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“என்ன?”

டயர்காரர் லீவரைக் கீழே வைத்தார்.

“நான் கட்டினது எங்க?”

நான் பாக்கல என்ற மனைவியின் குரல் மெக்கானிக்கின் காதில் இருந்தது.

“கழண்டு விழுந்துடுச்சா? விழாதே. நான் கட்டினா அவிழாது.”

“அவிழல மாமா” என்றான். அதோடு நிறுத்தியிருக்கலாம். “வெட்டித்தான் எடுத்தேன்.”

“அப்ப மூடித்தான் இருந்துச்சு.”

“ஆமா.”

“கடைசி வரைக்கும்.”

“ஆமா.”

மாமனார் கொஞ்சம் முன்னால் வந்தார். குரல் இறங்கியிருந்தது. கேள்வி கேட்கிற குரல் இல்லை அது. ஒரு மீட்டரைப் படித்துச் சொல்கிற குரல்.

“மூடியிருந்தா எண்ணெய் எப்படி வெளிய வந்துச்சு?”

சொல்வதற்கு அவனிடம் இரண்டு மூன்று பொய்கள் இருந்தன. சீல் பழசு என்று சொல்லலாம். அது பாதி உண்மையும்கூட. ஆனால் கேட்கிறவருக்குத் தொழில் தெரியும். தெரிந்தவரிடம் பாதி உண்மையைக் கொடுத்தால் மீதியை ராத்திரியெல்லாம் தனியாக உட்கார்ந்து பிரித்துப் பார்ப்பார். தனியாகப் பார்ப்பதைவிட இங்கேயே பார்க்கட்டும் என்று அந்த நொடியில் தோன்றியதா, அல்லது கொலைகாரன் என்ற பேரைச் சுமந்த தோள் வலித்ததா என்று அவனால் பிறகும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

வாயால் சொல்லவில்லை. டெலிவரிக்காரரின் வண்டியைப் பார்த்தான். அவர் சாவியை எடுத்து நீட்டினார். மெக்கானிக் அதன் ப்ரீதர் குழாயைக் காற்றுப் பெட்டியிலிருந்து உருவி, முனையை வெளியே இழுத்து வைத்து, வண்டியைக் கிளப்பினான்.

“விரல வைங்க மாமா.”

மாமனார் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு குந்தி உட்கார்ந்தார். கட்டைவிரலால் முனையை மூடினார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. விரலின் ஓரத்தில் புகை பிரிந்து பிரிந்து வெளியேறியது. அவர் இன்னும் அழுத்தி மூடினார். அது இன்னும் தள்ளியது. விரலை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். டெலிவரிக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டார். அது அவருடைய வண்டி. அவருக்குப் பயம் இருக்கும்தானே.

“போதும் மாமா” என்று மெக்கானிக் சாவியைத் திருப்பினான்.

எஞ்சின் நின்றதும் மாமனார் விரலை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

“இதேதான்” என்றார்.

எழுந்திருக்க முழங்காலில் கையை ஊன்றினார். தாங்கிப் பிடிக்கப் போன மெக்கானிக்கின் கையைத் தட்டிவிடவில்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை.

“பிளான்டுலயும் இருக்கு” என்றார். “திறந்தே இருக்க வேண்டிய குழாய்ங்க. எனக்குத் தெரியாதுன்னு நினைக்காத. அதுக்கெல்லாம் சிவப்புத் தகடு கட்டியிருப்போம். மூடாதேன்னு எழுதி. தகடு இல்லாத முனைய யாரு பாத்தாலும் மூடணும். அது சட்டம். அன்னைக்கும் நான் தகட்டத் தேடினேன். குழாய் முழுக்கத் தடவிப் பாத்தேன்.”

“இல்ல மாமா.”

“நீ கட்டல.”

“கட்டல.”

அவர் தலையசைத்தார். ஒருவர் தன் பங்கைச் சொல்லியாயிற்று, அடுத்தது தன்னுடையது என்பதுபோல.

“அவன் உள்ளதான் இருந்தான். கூப்பிட்டா கேக்கற தூரம். இது என்னடா குழாயின்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டா கத்துவான். காலங்காத்தால எதுக்கு வம்புன்னு நான் கேக்கல.”

அவர் மூலையில் கிடந்த வண்டியின் பக்கம் திரும்பவில்லை. வாசலில் போய் நின்று, சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். விரலில் எண்ணெய் இருந்ததால் பொத்தான் வழுக்கியது. மூன்றாவது தடவையில் உள்ளே போயிற்று.

“அவள அனுப்பி வெக்கறேன்” என்றார். மாப்பிள்ளை என்று கூப்பிடவில்லை. மெக்கானிக்கு என்றும் கூப்பிடவில்லை.

அவர் போகும்போது டயர்காரர் எழுந்து நின்றார். ஏன் எழுந்தோம் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

அன்று மாலை, வெளிச்சம் இருக்கும்போதே மனைவி பையோடு வந்தாள். வீட்டுச் சாவி அவளிடமும் ஒன்று இருந்தது. ஆனாலும் கதவைத் தட்டினாள். அவன் திறந்தான். உள்ளே வந்து, இத்தனை காலம் ஒரு ஆண்பிள்ளை தனியாக இருந்த வீடு எப்படி இருக்குமோ அப்படி இருந்த வீட்டைச் சுற்றிப் பார்த்தாள்.

“சொல்லிட்டீங்க.”

“நான் சொல்லல. அவரே சொன்னாரு. மூடினது நான்தான்னு எல்லார் முன்னாடியும் அவரே சொன்னாரு.”

“அதுக்கப்புறம்?”

“கேட்டாரு. பதில் சொன்னேன்.”

“கேட்டா சொல்லிடுவீங்களா?”

அவன் மேசை மேல் கிடந்த தட்டுகளை ஓரமாகத் தள்ளினான்.

“வந்ததும் அம்மாகிட்ட போனாரு” என்றாள். “கதவச் சாத்திக்கிட்டாங்க. என்ன சொன்னாருன்னு தெரியல. அம்மா அழற சத்தம் கேக்கல. அதான் பயமா இருந்துச்சு. அப்புறம் வெளிய வந்து என்னப் பாத்து, நீ அதப் பாத்தியான்னு கேட்டாரு.”

“என்ன சொன்ன?”

“பாக்கலன்னேன்.” அவள் வலது கையை விரித்துக் காட்டினாள். கட்டைவிரலில் காய்ந்த சின்னக் கீறல். “கையப் பிடிச்சுத் திருப்பிப் பாத்தாரு. என் கம்பி யாரையும் குத்தாதேன்னாரு. வேற ஒண்ணும் கேக்கல. மத்தியானம் சாப்பிடல.”

கைப்பையைத் திறந்து போல்ட்டை எடுத்தாள். டேப் அழுக்கேறி, கம்பி விரிந்து, வெட்டுப்பட்ட இரண்டு நுனிகளும் மீசை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. அதை மேசை மேல் வைத்தாள்.

“இனிமே இத நான் வெச்சிருக்க முடியாது.”

“தூக்கிப் போட்டுடவா?”

“வேணாம்.”

“அப்புறம்?”

“தெரியல.”

அவன் அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து பிளேயரை எடுத்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். போல்ட்டை இடது கையில் பிடித்து, விரிந்த கம்பியை நெருக்கிச் சுற்றி, ஒரு நுனியை முறுக்கி உள்பக்கமாக மடித்தான். பிறகு அடுத்ததை. மாமனார் கை மாதிரி வரவில்லை. திரும்பவும் பிரித்து, திரும்பவும் மடித்து, தட்டையாகும்வரை அமுக்கினான். விரலால் தடவிப் பார்த்தான். குத்தவில்லை.

அவள் பையைக் கீழே வைக்காமல், அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.